பைப் ஆலைக் கேள்வி–பதில்: எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் எதை முதலில் வாங்குவது?

மியான்மரில் ரங்கூன், பெகு, மோல்மேன், மாந்தளை பக்கம் பி.வி.சி., எச்.டி.பி.இ. பைப் போடும் சிறு ஆலைகளிலிருந்து வந்த கடிதங்கள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

லைங்தாயா வாசகர்: எங்களிடம் 65 மி.மீ. கோனிக்கல் இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரம்) இருக்கிறது. மணிக்கு 250 கிலோ ஓடும். 110 மி.மீ. பி.வி.சி. பைப்பில் சுவர் 4.2 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. ஆனால் ஒரு பக்கம் 4.2 வந்தால் எதிர்ப்பக்கம் 5.0 வருகிறது. எடையும் ஏறி இறங்குகிறது. அல்ட்ராசானிக் அளவுகருவி (ஒலியால் சுவர்த் தடிமன் அளப்பது), எடை பார்த்து ஊட்டும் ஹாப்பர், தொடுதிரை மூன்றையும் ஒரே செட்டாக வாங்கச் சொல்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். கடிதத்தில் இரண்டு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. ஒரு பக்கம் 4.2, மறுபக்கம் 5.0 என்பது டை (பைப் வடிவம் தரும் அச்சு) மையம் தப்பிய கோளாறு. அல்ட்ராசானிக் கருவி அதை அழகாகப் படம் போட்டுக் காட்டும், சரி செய்யாது. டையின் சுற்றுப் போல்ட்டுகளைத் திருப்ப ஓர் ஆளும் ஒரு ஸ்பானரும்தான் வேண்டும். பைப்பை நேராக அறுத்து, சுற்றிலும் 8 இடத்தில் மைக்ரோமீட்டர் வையுங்கள். தடித்த பக்கம் எங்கே என்று டையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ப் போல்ட்டுகளில் ஒன்றைத் தளர்த்திய பிறகே மற்றதை இறுக்க வேண்டும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். டை முழுச் சூட்டில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும்.

இதில் எவ்வளவு பணம் போகிறது என்று பாருங்கள். 4.2-க்கும் 5.0-க்கும் சராசரி 4.6. அடர்த்தி 1.42 என்று வைத்தால் மீட்டருக்கு 2.16 கிலோ. மையத்தைச் சரி செய்து 4.2-க்கும் 4.4-க்கும் நடுவில் நிறுத்தினால் சராசரி 4.3, மீட்டருக்கு 2.03 கிலோ. வித்தியாசம் 130 கிராம், அதாவது 6 சதவீதம். 24 மணி நேரம் ஓடும் ஆலையில் 6 டன் கலவைக்குச் சுமார் 370 கிலோ சும்மா போகிறது. ஏஜென்ட் தன் கருவி மிச்சப்படுத்தும் என்று சொல்லும் கணக்கில் பாதிக்கு மேல் இந்தப் போல்ட்டுகளில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது எடை. ஒரு 6 மீட்டர் பைப்பை 300 மி.மீ. வீதம் 20 துண்டாக அறுத்து, 1 கிராம் காட்டும் தராசில் வரிசையாக எடை போடுங்கள். ஒரு துண்டு 600 கிராமை ஒட்டி வரும். ஒரே பைப்புக்குள் 6 கிராமுக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் இழுவை (பைப்பை இழுக்கும் இயந்திரம்) நழுவுகிறது, அல்லது ஹாப்பரில் பி.வி.சி. மாவு பாலம் கட்டி நின்று நின்று விழுகிறது. ஒரு பைப்புக்குள் சரியாக இருந்து, சில நிமிட இடைவெளியில் பைப்புக்குப் பைப்பு மாறினால் பேரல் (ஸ்க்ரூ சுழலும் உருளை) சூடு ஏறி இறங்குகிறது, அல்லது லோடர் மாவை நிரப்பும் நேரத்தில் ஊட்டம் மாறுகிறது. காலையில் ஒரு எடை, மாலையில் ஒரு எடை என்றால் கலவையின் ஈரம், குளிர்நீர்ச் சூடு, வோல்டேஜ் இவற்றைத் தேடுங்கள். இந்த மூன்று வகையில் கடைசி இரண்டுக்குத்தான் எலக்ட்ரானிக்ஸ் பெரிதாக உதவும்.

வாங்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இழுவை மோட்டாருக்கு என்கோடருடன் (சுற்றை எண்ணும் கருவி) கூடிய டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). பழைய லைன்களில் ஸ்க்ரூவுக்கு ஒரு குமிழ், ஊட்டிக்கு ஒரு குமிழ், இழுவைக்கு ஒரு குமிழ். ஒன்றைத் திருப்பிய ஆபரேட்டர் மற்றதை மறப்பார். மூன்றையும் விகிதத்தில் பூட்டி, ஒரே வேகக் கட்டளையில் ஏறி இறங்கும்படி பி.எல்.சி.-யில் (லைனை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதாக எடை பார்த்து ஊட்டும் ஹாப்பர். ஹாப்பரின் எடை நிமிடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று லோடு செல்லில் பார்த்து, மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அது இழுவையின் வேகத்தைச் சரிப்படுத்தும். லோடர் ஹோஸ் விறைப்பாக ஹாப்பரைத் தள்ளினாலோ, மின்விசிறிக் காற்று நேராக அடித்தாலோ கணக்கு கெடும். ஹோஸ் துணிபோலத் தொளதொளவென்று தொங்க வேண்டும். நிரப்பும் சில விநாடிகளில் பழைய வேகத்தையே பிடித்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அல்ட்ராசானிக் கருவி கடைசியில். வாங்கினால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒலி பிளாஸ்டிக்கில் ஓடும் வேகம் சூட்டோடு குறையும். வெதுவெதுப்பான பைப்பில் அளந்தால் உண்மையைவிடத் தடிமனாகக் காட்டும். அதனால் கருவி நிற்கும் அதே இடத்துப் பைப்பை அறுத்து, மைக்ரோமீட்டரோடு ஒப்பிட்டே அளவு திருத்த வேண்டும். இன்னொன்று தாமதம். டையிலிருந்து கருவி 6 மீட்டர் தள்ளி, பைப் நிமிடத்துக்கு 2 மீட்டர் ஓடினால், இப்போது செய்த மாற்றம் கருவிக்குத் தெரிய 3 நிமிடம் ஆகும். அதற்குள் கன்ட்ரோலர் பொறுமை இழந்து மறுபடி மாற்றினால் பைப் தடித்தும் மெலிந்தும் அலைபாயும். ஒரு திருத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 5 நிமிடம் விடுங்கள். கையால் ஓட்டும் ஆபரேட்டருக்கும் இதே விதிதான்.

சுவேபியிதா, தெற்கு தகோன் வாசகர்கள்: மின்சாரம் எப்போது போகும் என்று தெரியவில்லை. போனதும் பேரலில் பி.வி.சி. கருகிவிடுகிறது. பெரிய யு.பி.எஸ். வைத்தால் தீருமா?

எக்ஸ்ட்ரூடரை ஓட்டும் அளவுக்கு யு.பி.எஸ். வாங்கும் பணத்தில் ஜெனரேட்டரையே பெரிதாக வாங்கலாம். 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று போதும். பி.எல்.சி., சூடு கன்ட்ரோலர்கள், திரை இவற்றை மட்டும் அதில் மாட்டுங்கள். இருட்டில் பேரல் சூடு என்னவென்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும்.

பி.வி.சி. கருகத் தொடங்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு விடும். அந்த வாயுவே பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். அதனால் முதல் பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் அதிக நேரம் கிடையாது. எத்தனை நிமிடம் தாங்கும் என்பது கலவையில் நீங்கள் சேர்க்கும் ஸ்டெபிலைசரைப் (கருகாமல் காக்கும் பொருள்) பொறுத்தது. கீழே உள்ளவை நடைமுறைக்கான எல்லைகள்.

மின்சாரம் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை டைக்கும் சைசிங் ஸ்லீவுக்கும் (பைப்புக்கு அளவு தரும் குழல்) நடுவில் பைப்பை வெட்டுவது. ஸ்லீவுக்குள் இறுகிப்போன பைப்பை வைத்துக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பிளாஸ்டிக் டை முகத்தில் பந்தாக உருண்டு நிற்கும். 5 நிமிடத்துக்குள் ஜெனரேட்டர் வந்தால் ஸ்க்ரூவை நிமிடத்துக்கு 5–8 சுற்றில் மெதுவாக ஓட்டி, நிறம் மாறிய பிளாஸ்டிக் முழுவதும் வெளியேறிய பின் பைப்பைப் பிடியுங்கள். 15 நிமிடத்தை நெருங்கினால் பர்ஜ் கலவை (உள்ளே கிடப்பதைத் தள்ளிச் சுத்தம் செய்வது) போட்டுத் தள்ளுங்கள். ஸ்டெபிலைசரும் லூப்ரிகன்டும் கூடுதலாகச் சேர்த்த 25 கிலோ மூட்டை ஒன்று ஹாப்பர் பக்கத்திலேயே எப்போதும் இருக்கட்டும். அரை மணியைத் தாண்டினால் ஓட்டிப் பார்க்காதீர்கள். சூடு இருக்கும்போதே டையைக் கழற்றி, பித்தளைக் கருவியால் சுரண்டுங்கள். இரும்பு உளி குரோம் பூச்சைக் கிழித்துவிடும். அந்தக் கீறலில்தான் அடுத்த தடவை கருகல் தொடங்கும்.

பேரலுக்கு ஃபேன் இருக்கும், டைக்குக் கிடையாது. அதனால் கருகல் டையிலும் அடாப்டரிலும்தான் முதலில் வரும். சின்ன ஒற்றை ஃபேஸ் ஜெனரேட்டர் கைவசம் இருந்தால், பெரியது வரும்வரை, ஒற்றை ஃபேஸில் ஓடுபவையாக இருந்தால், பேரல் ஃபேன்களையும் ஸ்க்ரூ எண்ணெய்ப் பம்பையும் அதில் ஓட்டுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று ஃபேஸ் வரிசை. லைன் மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் வரிசை மாறியிருந்தால் டிரைவில் ஓடும் பெரிய மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. டிரைவ் உள்ளே வரும் மின்சாரத்தை டி.சி. ஆக்கி, மறுபடி ஏ.சி. ஆக்கித்தான் வெளியே தருகிறது. டிரைவ் இல்லாமல் நேரடியாக ஓடும் வேக்கம் (வெற்றிட) பம்பும் கியர்பாக்ஸ் எண்ணெய்ப் பம்பும் மட்டும் தலைகீழாகச் சுற்றும். பைப் வட்டம் பிடிக்கவில்லை என்று வேக்கம் டேங்கைக் குடைந்துகொண்டிருப்பார்கள். அதற்குள் எண்ணெய் போகாமல் கியர்பாக்ஸின் த்ரஸ்ட் பேரிங் போய்விடும். ஃபேஸ் வரிசை ரிலே ஒன்றைப் போட்டு, வரிசை தப்பினால் எதுவுமே ஸ்டார்ட் ஆகாதபடி பூட்டுங்கள். எண்ணெய் அழுத்தம் வராமல் மெயின் மோட்டார் கிளம்பாத இன்டர்லாக்கும் வேண்டும். மின்சாரம் திரும்பியதும் தானே ஸ்டார்ட் ஆகும் வசதி டிரைவில் இருந்தால், எக்ஸ்ட்ரூடரில் அதை அணைத்து வையுங்கள். யாராவது டைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

ஜெனரேட்டர் அளவு பார்க்கும்போது டிரைவ் சுமைக்கு 1.5 முதல் 2 மடங்கு கணக்கிடுங்கள், டிரைவ் முன்னால் ஒரு சோக் போடுங்கள். ஹீட்டர்களை ஒரே நேரத்தில் ஏற்றாமல் 10 விநாடிக்கு ஒரு ஜோன் (சூட்டுப் பகுதி) என்று பி.எல்.சி. ஏற்றட்டும்.

மோல்மேன் வாசகர்: இரண்டு ஜோனுக்குப் புது டிஜிட்டல் கன்ட்ரோலர் மாட்டினோம். திரையில் 180 டிகிரிதான் காட்டுகிறது. ஆனால் அங்கே பிளாஸ்டிக் கருகி நாற்றம் அடிக்கிறது. கன்ட்ரோலர் பழுதா?

கன்ட்ரோலர் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் சென்சார்) 'கே' வகையாக இருந்து, கன்ட்ரோலரில் 'ஜே' என்று வைத்திருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. 200 டிகிரியில் 'ஜே' சுமார் 10.8 மில்லிவோல்ட் தரும், 'கே' 8.1 தான் தரும். 'கே' மாட்டி 'ஜே' என்று வைத்தால், உண்மையில் 200 இருக்கும்போது திரை 160-ஐ ஒட்டிக் காட்டும். கன்ட்ரோலர் இன்னும் சூடு வேண்டுமென்று ஹீட்டரை விடாமல் ஓட்டும். 200 என்று செட் செய்தால் பேரல் 250-ஐத் தாண்டியிருக்கும். உங்கள் 180-க்கும் அங்கே 220-க்கு மேல் போயிருக்கும். இதற்கு நேர்மாறாக, 'ஜே' மாட்டி 'கே' என்று வைத்தால் பேரல் சில்லென்று இருக்கும், மோட்டார் ஆம்பியர் எகிறும்.

எது எந்த வகை என்று நிறம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்க முறையில் சிவப்பு என்றால் மைனஸ். நம் எலக்ட்ரீஷியனுக்குச் சிவப்பு என்றாலே பிளஸ். சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து, தெர்மோகப்பிளின் இரண்டு கம்பியிலும் ஒட்டிப் பாருங்கள். 'ஜே' வகையில் பிளஸ் கம்பி இரும்பு, அது பலமாக ஒட்டும். 'கே' வகையில் மைனஸ் கம்பிதான் ஒட்டும். எந்தக் கம்பி ஒட்டுகிறது என்பதை மில்லிவோல்ட் காட்டும் மீட்டரில் துருவத்தோடு சேர்த்துப் பார்த்தால் வகையும் தெரியும், பிளஸ் மைனஸும் தெரியும். லைட்டரால் நுனியைச் சூடாக்கும்போது திரையில் எண் இறங்கினால் கம்பி தலைகீழ்.

இணைப்புக் கம்பியும் அதே வகையாக இருக்க வேண்டும். சாதாரணச் செம்புக் கம்பியால் இடையில் ஒட்டுப் போட்டால், அந்த ஒட்டு இருக்கும் இடத்துச் சூடு கணக்கில் விழுந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. எஸ்.எஸ்.ஆர். (ஹீட்டரை இயக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். கன்ட்ரோலர் அணைத்தாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் அப்போது திரை எண்ணும் கூடவே ஏறும், அதனால் உங்களுடையது இது இல்லை. இருந்தாலும் எஸ்.எஸ்.ஆர். போட்ட ஜோனுக்கெல்லாம் முன்னால் ஒரு காண்டாக்டரும் (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) தனியாக ஓர் உயர்வெப்ப அலாரமும் வைப்பது நல்லது. சுழற்சி நேரம் எஸ்.எஸ்.ஆர்.-க்கு 2 விநாடி, காண்டாக்டருக்கு 15–20 விநாடி. காண்டாக்டருக்கு 2 விநாடி வைத்தால் சில வாரத்தில் அதன் முனைகள் தீய்ந்துவிடும்.

தெற்கு தகோன் எலக்ட்ரீஷியன்: டிரைவ் ஓடினால் சூடு எண்கள் 10, 15 டிகிரி குதிக்கின்றன. நிறுத்தினால் சரியாகிவிடுகிறது.

டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளும் தெர்மோகப்பிள் கம்பியும் ஒரே டிரேயில் ஓடுகின்றன என்று நினைக்கிறோம். குறைந்தது 300 மி.மீ. பிரியுங்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். மோட்டார் கேபிளுக்கு ஷீல்டு உள்ளதை எடுத்து இரு முனையிலும் எர்த் செய்யுங்கள். தெர்மோகப்பிள் ஷீல்டைப் பேனல் பக்கம் ஒரு முனையில் மட்டும். இதற்கெல்லாம் முன்பு கன்ட்ரோலரில் ஃபில்டரை ஏற்றி எண்ணை அமைதிப்படுத்தப் பார்க்காதீர்கள், உண்மையான சூடு மாற்றமும் தெரியாமல் போகும்.

பெகு வாசகர்: 6 மீட்டர் பைப்புகள் இப்போது 3, 4 செ.மீ. குறைவாக வருகின்றன. பி.எல்.சி.-யில் 6000 என்றே இருக்கிறது.

அளவுச் சக்கரம் தேய்ந்திருக்கிறது. 500 மி.மீ. சுற்றளவுள்ள சக்கரத்தின் விட்டம் 159 மி.மீ. சொச்சம். ரப்பர் தேய்ந்து விட்டம் 1 மி.மீ. குறைந்தாலே 6 மீட்டருக்குச் சுமார் 38 மி.மீ. குட்டையாகும், உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. சக்கரத்தை மாற்றுங்கள், அல்லது அறுத்த பைப்பை டேப்பால் அளந்து பல்ஸ் எண்ணிக்கையைத் திருத்துங்கள். சக்கரம் நழுவினாலும் நீளம் தப்பும், ஆனால் அப்போது பைப் நீளமாகத்தான் வரும். ஈரம் பட்ட பைப்பில் இது நடக்கும்.

மாந்தளை வாசகர்: வேக்கம் பம்புக்கு டிரைவ் போட்டால் மின்சாரம் மிச்சமாகுமா?

ஆகும். வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டு வேக்கத்தைக் குறைப்பதைவிட, அழுத்த சென்சார் பார்த்துப் பம்பின் வேகத்தைக் குறைப்பது லாபம். ஆனால் நீர்வளையப் பம்பில் மிகக் குறைத்தால் உள்ளே சுழலும் நீர்வளையமே உடைந்துவிடும், வேக்கம் ஒரேயடியாக விழும். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதபடி டிரைவில் எல்லை வையுங்கள், பம்பு தயாரிப்பாளர் சொன்ன எல்லை வேறாக இருந்தால் அதை. பம்புக்குப் போகும் தண்ணீர் சூடானாலும் வேக்கம் பிடிக்காது. மாந்தளையின் ஏப்ரல் வெயிலில் தொட்டித் தண்ணீரை அப்படியே விட்டால், டிரைவின் மேல் பழி போடுவீர்கள்.

லைங்தாயா, இன்னொரு வாசகர்: திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறை முடிந்து லைனைக் கிளப்பும்போது ஒவ்வோர் ஆண்டும் டை அழுத்த சென்சார் போய்விடுகிறது.

சென்சாரின் நுனியில் உள்ள தகடு மெல்லியது. அதன்மேல் குளிர்ந்து இறுகிய பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும்போது ஸ்க்ரூவைத் திருப்பினாலோ, சென்சாரைக் கழற்றினாலோ தகடு பிய்ந்து வரும். திரையில் செட் செய்த சூடு வந்ததும் ஸ்டார்ட் செய்கிறீர்கள். அந்தச் சூட்டுக்கு வருவது தெர்மோகப்பிள் இருக்கும் உலோகம்தான், நடுவில் உள்ள பிளாஸ்டிக் அல்ல. விடுமுறைக்கு முன்பே பி.வி.சி.-யைப் பர்ஜ் கலவையால் தள்ளி, டையைத் திறந்து சுத்தம் செய்துவிட்டுப் போங்கள். பி.வி.சி.-யை உள்ளே வைத்துக்கொண்டு நெடுநேரம் சூடேற்றினால் சென்சார் பிழைக்கும், பிளாஸ்டிக் கருகும். எச்.டி.பி.இ. லைனில் அந்தப் பயம் குறைவு, செட் செய்த சூடு வந்த பிறகும் ஒரு மணி நேரம் பொறுங்கள். சென்சாரைச் சூட்டில் மட்டும் கழற்றுங்கள், துளையைச் சுத்தம் செய்யாமல் திரும்ப மாட்டாதீர்கள். அழுத்தம் எல்லை தாண்டினால் மெயின் மோட்டார் நிற்கும் இன்டர்லாக்கை யாராவது ஜம்பர் (குறுக்குக் கம்பி) போட்டு முடக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

தட்டோன் வாசகர்: மழைக்காலத்தில் கறுப்பு எச்.டி.பி.இ. பைப்பின் உட்புறம் குழிகுழியாக வருகிறது. எந்த ஜோன் சூட்டை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்ற வேண்டாம், அது ஈரம். கறுப்பு நிறம் தரும் கார்பன் பிளாக் மாஸ்டர்பேட்ச் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஹாப்பர் டிரையரில் 80 டிகிரியில் 2–3 மணி நேரம் உலர்த்துங்கள், பிரித்த மூட்டையை வாய் கட்டி வையுங்கள்.

சுவேபியிதா வாசகர்: இயந்திரம் விற்றவர் பி.எல்.சி. பாஸ்வேர்டைத் தரவில்லை. திரையில் பேட்டரி எச்சரிக்கை வருகிறது. ஓடிக்கொண்டிருப்பதால் விட்டுவிட்டோம்.

விடாதீர்கள், இன்றே பாருங்கள். பழைய பி.எல்.சி. பலவற்றில் புரோகிராமும் செட்டிங்குகளும் அந்தச் சிறு லித்தியம் பேட்டரியின் பலத்தில்தான் நிற்கின்றன. மின்வெட்டும் தீர்ந்த பேட்டரியும் ஒரே நாளில் சேர்ந்தால் பி.எல்.சி. வெறும் பெட்டி. பாஸ்வேர்டு இல்லாததால் புரோகிராமின் நகல் உங்களிடம் இருக்காது, நகல் இல்லாமல் அதை மறுபடி எழுத முடியாது. பேட்டரியை மாற்றும் முறை கையேட்டில் இருக்கும். பல மாடல்களில் மின்சாரம் ஓடும்போதே மாற்ற வேண்டும், சிலவற்றில் அணைத்த பின் சில நிமிடம் அவகாசம் உண்டு. அதற்கு முன்னால் திரையில் உள்ள எல்லாப் பக்கங்களையும், டிரைவ்களின் பாராமீட்டர்களையும், ஒவ்வொரு கன்ட்ரோலரின் உள் செட்டிங்கையும் மொபைலில் படம் எடுத்து, ஒரு நோட்டில் எழுதிப் பேனல் கதவுக்குள் தொங்கவிடுங்கள். அடுத்த இயந்திரம் வாங்கும்போது புரோகிராம் நகலும் பாஸ்வேர்டும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.